கசவுத் துணி எடுக்கப் போகிறவர்களே, பாவு நூலையும் எரித்துப் பாருங்கள்

ஓணம் வருகிறது என்றால் களியக்காவிளையைத் தாண்டி கேரளத்துக்குள் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் ரோட்டோரத்தில் 'பாலராமபுரம் கைத்தறி' என்று போர்டு மாட்டிய கடைகள் வரிசையாக வந்துவிடும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புடவையாகவோ செட்டு முண்டாகவோ வாங்காமல், என்னை மாதிரி மீட்டர் கணக்கில் எடுத்து வந்து வீட்டிலேயே வெட்டித் தைப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். துணியில் கத்தரி பட்ட பிறகு கடையில் நம் பேச்சு எடுபடாது.

மகளுக்கு ஒரு பாவாடை, மிச்சத்தில் எனக்கு ஒரு ஜாக்கெட் என்று கணக்குப் போட்டு 5 மீட்டர் எடுத்தேன், மீட்டர் 420 ரூபாய். விசைத்தறித் துணி இதில் பாதி விலைக்குக் கூடக் கிடைக்கும், தெரியும். கைத்தறி, முழுப் பருத்தி, அதனால்தான் அந்த விலை என்று சொன்னதால் கொடுத்தேன். சந்தேகம் கேட்டபோது விற்பனைப் பையனுக்குக் கோபம் வரவில்லை, சிரித்துக்கொண்டே, "நூறு சதமானம் காட்டன் சேச்சி, எரிச்சே காட்டித் தரேன்" என்று நான் பார்க்கும்போதே வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரில் காட்டினான். காகிதம் எரிகிற வாசனை, விரலில் தேய்த்தால் உதிர்கிற சாம்பல். பருத்தி அப்படித்தான் எரியும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணியாகக் கெட்டியாகிவிடும். இதைத் துணி தைக்கிற எல்லோரும் தெரிந்து வைத்திருப்பார்கள், அந்தக் கடைக்காரர்களும் நமக்கு அது தெரியும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, வெட்டுவதற்கு முன்னால் எப்போதும் செய்வது போல ஊறவைத்துக் காயப்போட்டேன். நீளம் அப்படியே இருந்தது, பன்னா, அதாவது அகலம் மட்டும் நன்றாகக் குறைந்து போயிருந்தது. புதுப் பருத்தி சுருங்குவது சகஜம், ஆனால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கியது கொஞ்சம் உறுத்தியது. அப்புறம் வெட்டி, தைத்து, பாவாடை மடிப்புகளை நிறுத்துவதற்காக இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்துத் தேய்த்தபோது எல்லாம் வெளியே வந்தது. பெட்டி பட்ட இடமெல்லாம் கசவு, அதாவது தங்க நிறச் சரிகை, சுருண்டு இழுத்துக்கொண்டது, துணியில் பளபளவென்று கோடு கோடாக மினுக்கம் விழுந்தது. அந்த மினுக்கம் இனி எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பாலியஸ்டர் சூட்டில் இளகிப் படிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எரித்துக் காட்டினானே, பிறகு எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் பல காலம் தறி ஓட்டிய அண்ணாச்சி ஒருவரைத் தெரியும், துண்டுத் துணியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையில் வாங்கித் தடவிவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "மக்களே, ஊடையைத்தானே எரிச்சுக் காட்டினான்? பாவை எரிச்சானா?"

விஷயம் இதுதான். துணியின் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. கடையில் துணியைக் குறுக்கே வெட்டுவதால் வெட்டிய ஓரத்தில் சுலபமாக உருவ வருவது ஊடை நூல் மட்டும்தான். இந்தத் துணியில் ஊடை பருத்தி, பாவு முழுக்க பாலியஸ்டர். அதனால்தான் பருத்தி ஓடுகிற பன்னா சுருங்கியது, பாலியஸ்டர் ஓடுகிற நீளம் அசையவில்லை. அண்ணாச்சி கரை ஓரத்தை நறுக்கிவிட்டு நீளவாக்கில் ஒரு நூலை எடுத்து எரித்தார், கறுப்பு மணி. கசவைக் கேட்டால் ஒரிஜினல் என்று சொன்னார்களே, அது உலோக நிறம் பூசிய பிளாஸ்டிக் இழை. நல்ல கசவு என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்கமுலாம் பூசியது, அதற்கு அடுத்த தரம் வெள்ளி பூசிய செம்பு இழை. பிளாஸ்டிக் கசவு போட்டு விற்பது தப்பே இல்லை, அதைப் பிளாஸ்டிக் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும்.

எனக்குப் பணத்தை விடவும் ஆறாதது வேறு. பாலராமபுரத்தில் குழித்தறியில் உட்கார்ந்து கையால் நாடா எறிந்து நெய்கிறார்களே, அவர்களின் முன்னோர் திருவிதாங்கூர் ராஜா பாலராமவர்மா காலத்தில் நம் தமிழ்ப் பக்கத்திலிருந்து கூட்டிப்போய்க் குடியமர்த்தப்பட்ட சாலியர் என்ற நெசவாளர் சமூகத்தார். தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவி, அதன் பிறகுதான் தறிக்கே ஏற்றுவார்கள். உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தெரியாத அளவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தைக்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எந்தெந்தத் துணியைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று 1985-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். இவ்வளவும் இருந்தும் அவர்கள் ஊர்ப் பெயரை ஒரு போர்டில் எழுதிவிட்டு பாலியஸ்டரை விற்றால், நெய்கிறவர் கூலி எங்கிருந்து உயரும்?

சரி, கடைக்குத் திரும்பப் போனேன். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்று சுவரைக் காட்டினார்கள். வெட்டித் தைத்த துணியைக் கொண்டுவந்தால் என்ன செய்ய முடியும் என்று முதலாளி கேட்டார். வாங்கும்போதே கைத்தறி காட்டன் என்று எழுதி பில் கேட்டிருந்தேன், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லி 'ரன்னிங் 5 மீ, 2100' என்று துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், இப்போது அதைக் காட்டினால் இதில் கைத்தறி என்று எங்கே இருக்கிறது என்கிறார்கள். கடைசியில், "கேஸ் கொடுக்கணும்னா திருவனந்தபுரத்துக்குப் போய்க் கொடுங்க" என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், இதற்காகக் கோர்ட்டுக்கு அலைய மாட்டாள் என்ற தைரியம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், அதாவது எனக்கு நாகர்கோவில் போதும். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது, சுவரில் மாட்டிய போர்டு அதை மாற்றாது. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணத்தை போனில்தான் அனுப்பினேன் என்பதால் கடைப் பெயரோடு அந்த ரசீது இருக்கிறது. கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை, வராவிட்டால் அடுத்தது ஆணையம்தான்.

எடுக்கப் போகிறவர்கள் பாவு, ஊடை இரண்டிலும் நூல் எடுத்து எரிக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் வெளியே வந்துவிடுங்கள். எரித்தால் மட்டும் போதாது, ரேயானும் பருத்தி மாதிரியேதான் எரியும். நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள், நனைந்த ரேயான் சட்டென்று அறுந்துவிடும், பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். கசவிலும் ஒரு இழையை உருவி எரித்துப் பார்க்கலாம், உருகினால் பிளாஸ்டிக். கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அலைச்சல் வேண்டாம் என்றால் கேரளத்தின் கைத்தறிக் கூட்டுறவுக் கடையான ஹான்டெக்ஸ் அல்லது நம் கோ-ஆப்டெக்ஸ் போய்விடுங்கள், ரகம் குறைவாக இருந்தாலும் பில்லில் என்ன துணி என்று எழுதித் தருவார்கள்.

ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் கத்தரி வைக்காதீர்கள், இன்றைக்கே ஒரு பாவு நூலை எரித்துப் பாருங்கள். கறுப்பு மணி வந்தால் 30 நாள் தாண்டுவதற்குள் கடைக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.