கல்லூரிப் பிள்ளைகளுக்கான பல பாடத் தேர்வு: 150 ரூபாய்க்குத் தகுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் இப்போது ஒரு தேர்வு சுற்றி வருகிறது. பணம், உணவு, முதலுதவி, சட்டம், பொது அறிவு என்று ஐந்து பகுதிகள், 100 கேள்விகள், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு 150 ரூபாய். எந்தத் துறைப் பிள்ளையும் எழுதலாம், கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வெளியூர்ப் பயிற்சி நிறுவனம் ஒன்று கல்லூரியோடு பேசி நடத்துகிறது, பெயரை நான் இங்கே போடவில்லை. நான் வணிகவியல் பாடம் எடுப்பவள். எங்கள் பிள்ளைகள் எழுதியபோது மேற்பார்வைக்கு நின்றேன், அப்புறம் கேள்வித்தாளை வகுப்புக்கு எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பேசினேன். அந்த அளவுக்குப் பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன்: பணப் பகுதிக்காக இதை எழுத வைக்கலாம். உணவுப் பகுதியை அடியோடு மாற்றாமல் இவர்களைத் திரும்பக் கூப்பிடக் கூடாது.

பணப் பகுதியை எழுதியவர் யாரோ தெரியாது, ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தெரிந்தவர். ஒரு கேள்வி இப்படி: ஒரு லட்ச ரூபாய்க்கு பைக் கடன், "வட்டி வெறும் 10 சதவீதம்தான்" என்கிறார் ஷோரூம்காரர், மூன்று வருடம், மாதத் தவணை 3,611 ரூபாய். உண்மையில் எவ்வளவு வட்டி? பெரும்பாலான பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு 10 என்று குறித்துவிட்டார்கள். ஷோரூம் கணக்கு என்னவென்றால், வருடத்துக்கு 10,000, மூன்று வருடத்துக்கு 30,000, அதை அசலோடு சேர்த்து 36-ஆல் வகுத்துவிடுவது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே நாம் அசலையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வருகிறோமே, கடைசித் தவணை வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கு எதற்கு வட்டி? குறைந்துகொண்டே வரும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வருகிறது. கரும்பலகையில் இதைப் போட்டு முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, "அப்போ எங்க அண்ணன் பைக் எடுத்தாரே மேடம், அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டாள். மறுநாள் அந்தக் கடன் தாளை வீட்டிலிருந்து எடுத்து வந்தாள், எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு பருவம் முழுக்க நான் பாடம் நடத்தினாலும் அந்த வகுப்பில் அப்படி ஒரு சத்தம் வராது.

இன்னொரு கேள்வி கடன் செயலி பற்றியது. 5,000 ரூபாய் கடன், கட்டணம் கழித்துக்கொண்டு கைக்கு வருவது 3,500, ஏழாம் நாள் 5,000 திருப்பிக் கட்ட வேண்டும். நம் ஊரில் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் பேச்சு. ஒரு வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவீதம், ரெண்டு வட்டி என்றால் 24. மூன்று வட்டி என்று சொன்னாலே வீட்டில் ஆச்சிமார் முகத்தைச் சுளிப்பார்கள். இந்தச் செயலிக் கணக்கை அதே முறையில் போட்டால் வாரத்துக்கே நூற்றுக்கு 43 ரூபாய், மாதத்துக்கு 170-ஐத் தாண்டுகிறது. வாயால் வட்டி சொல்லும் ஊரில் பிறந்த பிள்ளைகள், கைப்பேசியில் வந்தால் மட்டும் அதைக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கேள்வியாக்கியதற்கே இவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். யுபிஐயில் நமக்குப் பணம் வருவதற்கு ரகசியப் பின் (PIN) நம்பர் தேவையில்லை, ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் போட வேண்டும் என்பதெல்லாமும் இருந்தது.

கூட்டு வட்டி, விலைவாசி ஏற்றம், முதலீட்டைப் பிரித்துப் போடுவது ஆகியவற்றிலும் மூன்று கேள்விகள் உண்டு. பொருளாதார அறிஞர்களான அன்னாமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்சலும் அமைத்து, 2004 முதல் பல நாடுகளில் கேட்டுப் பார்க்கப்படும் மூன்று கேள்விகளின் சாயல் அது. நம் நாட்டில் தேசிய நிதிக் கல்வி மையம் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில் 27 சதவீதம் பெரியவர்களுக்குத்தான் போதிய நிதியறிவு இருந்தது. அதனால் எங்கள் பிள்ளைகள் இதில் தடுமாறியது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சரி, உணவுப் பகுதிக்கு வருவோம். இது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. புரதம் எதில் அதிகம் என்ற கேள்விக்குக் கொடுத்த விடைகள்: சால்மன் மீன், கினோவா, அவகாடோ, கிரேக்கத் தயிர். புதுவயலிலிருந்தும் கண்டனூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளை, காலையில் நாலு இட்லி, மதியம் டப்பாவில் எலுமிச்சைச் சாதம், சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் என்று நாளை ஓட்டுகிறவள், அவகாடோவை எங்கே கண்டாள்? அவளுக்கு மதிப்பெண் போனால் அவளுக்கு ஊட்டச்சத்து தெரியாது என்றா அர்த்தம்? அவள் தட்டில் இருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கேட்பதற்கா விஷயம் இல்லை? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் கொடுத்த அளவுப்படி, எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், வெந்த சோறு நூறு கிராமில் இரண்டரை கிராம் அளவு, உளுந்திலும் துவரையிலும் நூறு கிராமுக்கு இருபதுக்கு மேல், ஆனால் அது சமைக்காத பருப்புக்கு. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு எவ்வளவு மிதக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும். இதையெல்லாம் கொடுத்து, இன்று நீ சாப்பிட்டதில் ஐம்பது கிராம் வந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நம் செட்டிநாட்டு இனிப்பான கும்மாயத்தை வைத்து ஒரு கேள்வி எடுக்கலாம்: அதில் உளுந்தும் பாசிப்பருப்பும் இருக்கிறது, நல்லது, ஆனால் கருப்பட்டி போட்டால் சர்க்கரைக் கணக்கில் வராது என்று நினைக்கிறவர்கள் வகுப்பில் பாதிப் பேர். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிற்க முடியுமா என்று கேட்கலாம்.

எல்லாவற்றையும் விட இரும்புச் சத்து. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எங்கள் கல்லூரியில் காலை வழிபாட்டில் நின்றபடியே மயங்கி விழும் பிள்ளைகளை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். காசே செலவில்லாமல் பழக்கத்தை மாற்றக்கூடிய விஷயம் இது. இருபது கேள்வியில் ஒன்று கூட இதைப் பற்றி இல்லை. உருப்படியாக இருந்தது ஒன்றுதான், பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும் அளவை முழுப் பாக்கெட்டுக்கு மாற்றிச் சொல்லும் கணக்கு. அது நல்ல கேள்வி.

முதலுதவிப் பகுதி தரம். கொதிக்கும் எண்ணெய் கையில் பட்டால் என்ன செய்வாய் என்பதற்குப் பற்பசை, மாவு, மை என்று பிள்ளைகள் பலவிதமாகக் குறித்திருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பாம்புக் கடிக் கேள்வி இன்னும் முக்கியம், கண்மாய்க் கரையும் வேலிக்கருவையும் உள்ள ஊர் இது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது என்ற விடையைத்தான் நிறையப் பேர் குறித்தார்கள். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. "தெரியாது" என்று குறிக்க இடமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்து நிற்பவள் யாரையாவது கூப்பிடுவாள், கட்டத்தான் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள் கயிற்றைத் தேடுவாள். இரண்டு பேருக்கும் ஒரே பூஜ்யம் போட்டால் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? லுசார்டி, மிட்சல் கேள்விகளில் "தெரியாது" ஒரு விடையாகவே இருக்கிறது. அதையும் சேர்த்து எடுத்திருக்கலாம்.

சட்டப் பகுதி சுமார். தகவல் உரிமைச் சட்டத்தில் முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்பது போன்றவை சரி. ஆனால் நுகர்வோர் சட்டம் 1986-ஓடு நின்றுவிட்டது, 2019-ல் புதுச் சட்டம் வந்தது விடைக்குறிப்பு எழுதியவருக்குத் தெரியவில்லை. பணப் பகுதியிலும் இப்படி ஒன்று உண்டு: வங்கி வைப்புக்கான காப்பீடு ஒரு லட்சம் என்று விடைக்குறிப்பில் இருக்கிறது. 2020 பிப்ரவரியிலேயே அது ஐந்து லட்சமாகிவிட்டது. சரியாக எழுதிய பிள்ளைகளுக்குத்தான் மதிப்பெண் போயிற்று. எழுதிக் கேட்டேன், அடுத்த முறை திருத்துகிறோம் என்றார்கள், இந்த முறை போட்ட மதிப்பெண்ணை மாற்றவில்லை. அது சரியில்லை.

பொது அறிவு வழக்கமான தலைநகரம், நாணயம், விருது. ஒன்று மட்டும் பிடித்தது: 1937-ல் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் தொடங்கிய வங்கி எது? சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அதே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளே தவறாக எழுதினார்கள், விடையைச் சொன்னதும் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தார்கள்.

உங்கள் கல்லூரியில் நடத்தப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மொத்த மதிப்பெண்ணும் தரவரிசையும் மட்டும்தான் குறுஞ்செய்தியில் வரும், பகுதிவாரியான தாளைக் கல்லூரி எழுத்தில் கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். கேள்வித்தாளையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகப் பார்ப்பார்கள், விடாதீர்கள், 150 ரூபாயின் பலன் அதற்கு அப்புறம் நடக்கும் வகுப்பில்தான் இருக்கிறது. விடைக்குறிப்பை உங்கள் துறை ஆசிரியர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு மதிப்பெண் வெளியிடட்டும். உணவுப் பகுதிக்கு எங்கள் மனையியல் துறையினர் இப்போது சொந்தமாக இருபது கேள்விகள் தயாரிக்கிறார்கள், ஹாஸ்டல் மெஸ் அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு. அதைச் சேர்த்து நடத்தச் சம்மதித்தால் அடுத்த ஆண்டும் இதே நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன்.