வைஃபை பழுது பார்க்க ஆள் அழைப்பவர்கள் கவனத்திற்கு

ஒரு கம்பியை ஒரு துளையிலிருந்து பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகி, ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் தீர்ந்திருக்கக்கூடிய கோளாறுக்காக, ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை என்னிடம் மூன்று முறையாக 6,700 ரூபாய் வாங்கியது. பணம் போனதைவிட, அவர்கள் என் கணினியில் செய்துவிட்டுப் போன வேலைகள்தாம் என்னை இதை எழுத வைக்கின்றன.

எங்கள் வீடு கள்ளிடைக்குறிச்சியில் உள்ள பழைய நீள வீடு. முன்கூடமான தார்சாவிலிருந்து பின்கட்டான இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் மூன்று காரைச் சுவர்களைத் தாண்ட வேண்டும். சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தருவது என் தொழில். கடைக்காரர்கள் தார்சாவில் வந்து பில் கட்டுகளைத் தருவார்கள். நான் அங்கேயே செல்பேசியில் படமெடுத்து, இரண்டாங்கட்டில் இருக்கும் கணினியின் பொதுக் கோப்புறைக்கு வைஃபை வழியாக அனுப்பிவிடுவேன். பல வருடங்களாக எந்தத் தடையும் இல்லாமல் நடந்துவந்த ஏற்பாடு இது.

ஆவணியில் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். வைஃபை உள்ள புதிய பெட்டி ஒன்றைத் தார்சாவில் மாட்டினார்கள். பின்கட்டுக்கு அலை எட்டாது என்பதால், எங்களிடம் முன்பே இருந்த ரவுட்டரை, அதாவது இணையத்தை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் பெட்டியை, இரண்டாங்கட்டில் வைத்து இரண்டையும் கம்பியால் இணைத்தார்கள். செல்பேசிகளில் எதையும் மாற்ற வேண்டியிராது என்று, புதிய பெட்டிக்கும் பழைய ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்தார்கள். அன்றிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. எல்லாக் கருவிகளிலும் இணையம் நன்றாக வந்தது. ஆனால் தார்சாவில் உட்கார்ந்து படம் அனுப்பினால் செல்பேசிக்குக் கணினியே தெரியவில்லை, பிரிண்டரும் தெரியவில்லை. செல்பேசியை எடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போய்ச் சற்று நேரம் இருந்தால் தெரியும். மறுபடி முன்பக்கம் வந்து கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும்.

கடையிலிருந்து வந்தவர் கணினியின் அருகில் நின்று சோதித்தார். அங்கே நின்று சோதித்தால் எல்லாம் ஓடத்தான் செய்யும். செல்பேசியில் வேகச் சோதனையை ஓடவிட்டு, முள் 90-ஐத் தாண்டியதைக் காட்டி, "நெட்டு பக்காவா வருதுக்கா" என்று 600 ரூபாய் வாங்கிச் சென்றார். மறுநாள் அதே நிலை. இரண்டாம் முறை வந்தவர், "விண்டோஸ்லதான் பிரச்சினை, ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்றார். கோப்புகள் போகுமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். டி டிரைவில் உள்ளதற்கு ஒன்றும் ஆகாது என்றார். என் பில் படங்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன. டெஸ்க்டாப் என்பது ஃபார்மட்டில் அழியும் சி டிரைவைச் சேர்ந்தது என்பதை அவர் சொல்லவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை. இரண்டு மாதப் படங்கள் அழிந்தன. அதற்கு 1,500 ரூபாய். அடுத்த 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவர அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்வதற்காக ஒவ்வொரு கடையாகப் போய்ப் பில்களைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். மளிகைக் கடை அண்ணாச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், மூட்டையை அவிழ்த்துப் பில்களைத் தானே அடுக்கித் தந்தார். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

மூன்றாம் முறை, பழைய ரவுட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லி 3,400 ரூபாய்க்குப் புதியதை அதே இடத்தில், அதே முறையில் மாட்டினார்கள். கூடவே "நெட்வொர்க் லைசன்ஸ்" என்று ஆண்டுக்கு 1,200 ரூபாய் கேட்டு வாங்கினார்கள். வீட்டில் இருக்கும் கணினியும் செல்பேசியும் ஒன்றோடொன்று பேசுவதற்கு அப்படி எந்த உரிமக் கட்டணமும் உலகில் கிடையாது. எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தது, பாளையங்கோட்டையிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன். தார்சாவில் என் செல்பேசியின் வைஃபை அமைப்பில், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு, வலையமைப்பில் அந்தக் கருவிக்குரிய எண்ணான ஐ.பி. முகவரியைப் பார்த்தான்: 192.168.1.34. பிறகு கணினியில் கட்டளை தட்டும் சி.எம்.டி. திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டினான்: 192.168.0.105. இரண்டையும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மூன்றாவது எண்ணைச் சுற்றி வட்டமிட்டான். "நெட்டு வருதான்னு பாக்காதீங்க சித்தி, இந்த நம்பரப் பாருங்க. ரெண்டும் வேற வேற தெருவுல இருக்கு, எப்படிப் பாத்துக்கிடும்?"

ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர்; அதற்குப் பின்னால் இருந்ததும் ஒரு ரவுட்டர். பெட்டியிலிருந்து வந்த கம்பி பின்கட்டு ரவுட்டரின் வேன் (WAN) துளையில், அதாவது வெளி இணைய இணைப்புக்கான துளையில் செருகப்பட்டிருந்ததால், அது தனக்கென ஒரு தனி வலையமைப்பை உண்டாக்கித் தானே முகவரிகளை வழங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இருக்கும் கருவிகள் வெளியே போய் இணையத்தைத் தொட முடியும். முன்பக்கப் பெட்டியோடு இணைந்த செல்பேசியால் உள்ளே நுழைந்து கணினியைத் தொட முடியாது. வைஃபையின் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருந்ததால், செல்பேசி எந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது வெளியே தெரியவில்லை. இணையம் வருவது வேறு, வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று காண்பது வேறு. வேகச் சோதனை முதலாவதை மட்டுமே காட்டும். அதைக் காட்டித்தான் என்னிடம் பணம் வாங்கினார்கள்.

அவன் பின்கட்டு ரவுட்டரின் முகவரி வழங்கும் வேலையை, அதாவது டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என்ற எண்ணைக் கொடுத்து, கம்பியை வேன் துளையிலிருந்து வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளைக்கு மாற்றினான். சில ரவுட்டர்களில், தனி வலையமைப்பு உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் என்ற தேர்வே இருக்கும். அதைச் சொடுக்கினாலே போதும். பிறகு கணினியில், ஃபார்மட்டுக்குப் பின் பப்ளிக் (பிற கருவிகளுக்குக் கணினியைக் காட்டாத வகை) என்று இருந்த நெட்வொர்க் வகையைப் பிரைவேட் என்று மாற்றினான். மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு முகவரிகளிலும் முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தும் கருவிகள் ஒன்றையொன்று காணாவிட்டால், செல்பேசி விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் ஏ.பி. ஐசொலேஷன் போடப்பட்டிருக்கிறதா, செல்பேசியில் இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் வி.பி.என். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னான்.

ரவுட்டருக்குள் நுழைவதுதான் சிரமமாக இருந்தது. நிர்வாகக் கடவுச்சொல்லைப் பழுதுபார்ப்புக் கடையினரே மாற்றி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு "வந்துதான் போடணும், விசிட் சார்ஜ் ஆகும்" என்றார்கள். பின்புறத்து ரீசெட் துளையில் ஊசியை அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் புதிதாக அமைத்தோம். ஃபைபர் பெட்டியில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்; நிறுவனத்தின் இணைப்பு விவரங்கள் அழிந்து, இணையமே நின்றுபோகக்கூடும்.

அதன்பின் அவன் கணினியைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு பதறியது. வெளியார் நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வால் முழுவதும் அணைக்கப்பட்டிருந்தது. எஸ்.எம்.பி.1 என்னும் பழைய கோப்புப் பகிர்வு முறை இயக்கப்பட்டிருந்தது. 2017 மே மாதம் பல நாடுகளின் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்னும் தீநிரல் பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10-இன் புதிய நிறுவல்களில் அது இயல்பாக இடம்பெறுவதில்லை. இவை போதாதென்று, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஒரு செயலி, நான் அனுமதி கொடுக்காமலே எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும்படி கடவுச்சொல்லோடு நிறுவப்பட்டிருந்தது. பிறருடைய வரிக் கணக்குகளின் கடவுச்சொற்கள் இருக்கும் கணினி அது. செயலியை நீக்கி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, ஒவ்வொரு கடைக்காரரையும் நேரில் பார்த்து நடந்ததைச் சொன்னேன்.

எந்த வேலைக்கும் அந்தப் பழுதுபார்ப்புக் கடையினர் பில் தரவில்லை. விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நல்லவேளையாக நான் பணத்தைச் செல்பேசி வழியாகவே செலுத்தியிருந்தேன். அந்தப் பதிவுகள்தாம் இப்போது என் சான்று. ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் கடைக்குக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லாததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில் பணத்தோடு இன்னொன்றையும் கேட்டிருக்கிறேன். கெட்டுவிட்டது என்று சொல்லி அவர்கள் எடுத்துச் சென்ற எங்கள் பழைய ரவுட்டர் கெடவில்லை. எங்கள் வைஃபை கடவுச்சொல் அதற்குள் அழிக்கப்படாமல் இருக்கிறது. அது எனக்குத் திரும்பி வர வேண்டும்.