நாய்க்கான டிக்கி மேட் என்று நம்பிக் கொடுத்த 9,800 ரூபாய் போச்சு: நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், டிக்கி பாழாகாமல் இருக்க ஒரு மேட் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள், அவசியம் முழுதாகப் படியுங்கள். எங்களுக்கு 9,800 ரூபாய் போயிருக்கிறது. பணம் போனதோடு நிற்கவில்லை. எந்த டிக்கியைக் காப்பாற்றப் பணம் கொடுத்தோமோ அந்த டிக்கி இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு திறக்கிற நிலையில் இருக்கிறது.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். சென்னையில் கார் ஆக்சசரீஸ் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு ஒன்றில், வாசலில் பெரிய நாய்ப் படம் மாட்டி, இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் ஓட்டுகிற கடை. அதே மாதிரி விளம்பரம் செய்கிற கடைகள் இப்போது நிறைய இருக்கின்றன.

எங்கள் மணி நாட்டு நாய். எடை 20 கிலோவுக்கு மேல். பின் சீட்டில் உட்கார வைத்தால் முன்னால் தாவப் பார்ப்பான், அதனால் டிக்கியில்தான் அவனுக்கு இடம். டிக்கி என்றதும் செடான் காரின் மூடிய பெட்டியை யாரும் நினைத்துவிடாதீர்கள், அதில் எந்த உயிரையும் ஏற்றக் கூடாது. எங்களுடையது சின்ன எஸ்யூவி. டிக்கிக்கு மேலே மூடியிருக்கும் தட்டை (பார்சல் ட்ரே) கழற்றிவிட்டால் டிக்கியும் உள்பக்கமும் ஒன்றுதான். ஏசி காற்று போகும், கண்ணாடியில் அவன் முகமும் தெரியும்.

டிக்கித் தரையில் கம்பெனியே போட்டுத் தருவது ஒரு மெல்லிய கார்பெட். அதற்குக் கீழே ஒரு பலகை. பலகைக்குக் கீழே ஸ்டெப்னி, ஜாக், ஸ்பேனர். அதற்கும் கீழே வெறும் தகரம். நாய் வாந்தி எடுத்தாலும் ஒண்ணுக்குப் போனாலும் மேலே துடைத்தால் போதாது, பாதி கீழே இறங்கிவிடும். மூத்திரத்தில் இருக்கும் யூரியா மக்கி அம்மோனியா வாடை அடிக்கும். அதில் உள்ள உப்பு இரும்பில் துரு ஏற்றும். வெயிலில் நிறுத்தி மூடிவைத்த காரில் அந்த வாடை எப்படி இருக்கும் என்று நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதைத் தடுக்கத்தான் அந்தக் கடைக்குப் போனோம். மணியையும் கூட்டிக்கொண்டு.

நான் எதை நம்பினேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து வருகிறவர்களிடமும் இதையேதான் செய்வார்கள். உரிமையாளர் நாற்பது வயதுக்காரர், சிரித்த முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். மணியிடம் கையை நீட்டி முகரவிட்டார், காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். புது ஆட்களிடம் உறுமுகிற மணி அவர் கையை நக்கினான். போனை எடுத்து அவர் வீட்டு நாயின் படத்தைக் காட்டினார். "நானும் நாய் வளர்க்கிறவன் சிஸ்டர். இதுங்க வாயில்லா ஜீவன். இதுல ஏமாத்தினா எனக்கே அடுக்காது" என்றார். கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. நாயைப் பிடித்தவர் நம்மை ஏமாற்ற மாட்டார் என்று தோன்றியது.

அப்புறம் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு நிறம். ஒட்டோ தையலோ இல்லாமல் ஒரே வார்ப்பு. சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. வாட்டர் பாட்டிலைத் திறந்து அதில் பாதியைக் கவிழ்த்தார். தண்ணீர் குளம் கட்டி நின்றது. தூக்கிச் சாய்த்துக் காட்டினார், அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. "டிபிஇ மெட்டீரியல் சிஸ்டர், ரப்பர் மாதிரி வளையுற பிளாஸ்டிக். வாடை வராது, நாய் நகத்துக்குக் கிழியாது, கழட்டி ஓஸ் பைப்ல அடிச்சுக் காய வெச்சுக்கலாம்." பம்பரில் நகக் கீறல் விழாமல் இருக்க வெளியே மடித்துப் போடும் ஃபிளாப், நாயின் பெல்ட்டை மாட்டக் கொக்கி, எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய். எங்கள் காருக்கென்றே அளவெடுத்துச் செய்து தருவதாகச் சொல்லி டேப் வைத்து அளந்தும் கொண்டார். அன்றே 5,000 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன்.

மாட்டும் நாளில் அவர் கடையில் இல்லை. வேலை செய்யும் பையன்கள்தான். எங்களை முன்னால் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கார் பின்பக்கம் ஷெட்டில். முடிந்தது என்று கூப்பிட்டுக் காட்டியபோது டிக்கியில் இருந்தது வேறு பொருள். பழுப்பு ரெக்சின், கட்டம் கட்டமாக டைமண்ட் தையல், கீழே மெத்தென்ற ஸ்பாஞ்சு. விளிம்பும் இல்லை, பம்பர் ஃபிளாப்பும் இல்லை. நாங்கள் பார்த்தது இது இல்லையே என்று உடனே கேட்டேன். "இது அதைவிட ஒசத்தி மேடம், 7டி, புது மாடல்" என்றான் பையன். உரிமையாளருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். "சிஸ்டர், நீங்க பார்த்த அதே ஷீட் உள்ள இருக்கு. அதுக்கு மேலதான் இந்த லெதர், நாய்க்குக் கால் வழுக்கக் கூடாதுன்னு. ஃபிளாப் அடுத்த வாரம் வந்துடும். லைஃப்டைம் வாரண்டி, நான் இருக்கேன்ல?" மீதி 4,800 ரூபாயைக் கொடுக்காமல் சாவி கைக்கு வரவில்லை. பில் கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டின் போட்டோ.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீடு. தாம்பரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். கிளம்பும்போதே காருக்குள் ரப்பர் பசை வாடை. வெயில் ஏற ஏற அது அதிகமானது. மணி தும்மிக்கொண்டே வந்தான், வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் வாந்தி. சாதாரணமாக அவன் காரில் வாந்தி எடுக்கிற நாய் கிடையாது. ஓரங்கட்டித் துடைத்தோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினோம். திருச்சி தாண்டி, அடுத்து நிறுத்த இடம் வருவதற்குள் ஒண்ணுக்கும் போய்விட்டான் பாவம். மேலே துடைத்தபோது ரெக்சின் காய்ந்துதான் இருந்தது, அவ்வளவு பெரிய நாயின் மூத்திரம் எங்கே போயிற்று என்று அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. திருமங்கலம் பக்கத்தில் குறுக்கே ஒரு பைக் வந்து இவர், என் கணவர், பிரேக் அடித்தபோது, பெல்ட் மாட்டியிருந்த அந்தக் கொக்கி நூலோடு பிய்ந்து வந்துவிட்டது. ரெக்சினில் வெறும் நாலு தையல் போட்டு வைத்திருக்கிறார்கள். மணி பின் சீட்டின் முதுகில் போய் மோதினான். அடி படவில்லை, கடவுள் புண்ணியம்.

அம்மா வீட்டு வாசலில் நிறுத்தி மேட்டைக் கழற்றப் போனால் அது வரவில்லை. கார்பெட்டோடு பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள்! எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இழுத்த இடத்தில் கார்பெட்டின் பஞ்சு பிய்ந்து மேட்டோடு வந்தது. ஒரு தையல் வரியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஊசி போன ஒவ்வொரு துளையிலும் மஞ்சளாக நுரை கொப்பளித்தது. வரிசையாக, விரல் போகிற வழியெல்லாம். இவர் பிளேடால் ஒரு மூலையை அறுத்துப் பார்த்தார். மேலே ரெக்சின், நடுவே ஸ்பாஞ்சு, அடியில் துப்பட்டா மாதிரி ஒரு மெல்லிய துணி. 'அதே ஷீட் உள்ள இருக்கு' என்றாரே, அந்த ஷீட் எங்குமே இல்லை. ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பெட்டுக்கு இறக்கியிருக்கிறது. வெறும் கார்பெட்டாக இருந்திருந்தால்கூட வெயிலில் காய்ந்திருக்கும். இது மேலே மூடி, உள்ளே ஈரத்தைக் காயவிடாமல் வைத்திருந்தது.

அங்கிருந்தே போன் செய்தேன். "ஐயோ அப்படியா சிஸ்டர், கொண்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றார். சென்னைக்குத் திரும்பிக் கடைக்குப் போனால், ஓனர் திருப்பதி போயிருக்கிறார். அடுத்து போனால், கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். போட்டோ, வீடியோ எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார். கம்பெனிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். எந்தக் கம்பெனி? இது அவர் கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் தைத்தது. தையல் மெஷினை நானே பார்த்தேன்.

விடாமல் கேட்டதும் பேச்சு மாறியது. சிஸ்டர் போய் மேடம் வந்தது. "மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்டுக்குத்தான் மேடம் வாரண்டி. நாய் ஒண்ணுக்குப் போனதுக்கெல்லாம் வாரண்டி வராது." இந்த ஒரு வரிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வாசலில் நாய்ப் படம் மாட்டி, நாய்க்கென்று சொல்லி, நாயின் பெயரால் 9,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, நாய் ஏறினால் பொறுப்பில்லை என்கிறார். போதாததற்கு, நாயை ஒழுங்காகப் பழக்கச் சொல்லி எனக்கு அறிவுரை வேறு. 500 கிலோமீட்டர் பசை வாடையில் உட்கார்ந்து வந்த பிராணியைப் பற்றி, அதன் காதைச் சொறிந்துகொடுத்த அதே மனிதர் பேசிய பேச்சு இது.

இவர் நேரில் போய்க் கேட்டதற்கு, "வேற கஸ்டமர் இருக்காங்க சார், சத்தம் போடாதீங்க" என்றார்கள். கூகுளில் ஒரு ஸ்டார் கொடுத்து எழுதினேன். உடனே போன் வந்தது, அதற்கு மட்டும் தாமதமே இல்லை. அதை எடுத்துவிட்டால் பேசித் தீர்க்கலாமாம். எடுக்கவில்லை. கடைசியாகச் சொன்னது, அடுத்த முறை வாங்கும்போது 10 சதவீதம் குறைத்துத் தருகிறாராம், ஒரு கார் பெர்ஃப்யூமும் இலவசமாம். எனக்கு என் 9,800 ரூபாய் வேண்டும். கார்பெட்டையும் பலகையையும் மாற்ற சர்வீஸ் சென்டரில் சொல்லும் தொகை தனி.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்துவிட்டேன். தமிழிலேயே பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறைதான். குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், அப்படி எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதில்தான் வருகிறது. இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எனக்கு அது செங்கல்பட்டு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அறுத்த மேட்டையும் தூக்கிப் போடாமல் மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன், சாட்சி அதுதான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாதிரியில் ஊற்றிக் காட்டும் தண்ணீரை நம்பாதீர்கள், உங்கள் காரில் போடப்போகும் மேட்டில், மாட்டுவதற்கு முன், உங்கள் கையால் ஊற்றிப் பாருங்கள். தரைப் பகுதியில் ஒரு தையல்கூட இருக்கக் கூடாது. 5டி, 7டி என்று தையல் மேட்டுக்குக் கடையில் சொல்லும் பெயர்களையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பசை டப்பாவைக் கையில் எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், கழற்ற முடியாத மேட் நாய்க்கு ஆகாது. மாட்டும்போது காரை விட்டு நகராதீர்கள், டீ எல்லாம் அப்புறம். பில் இல்லாமல் மீதிப் பணம் வேண்டாம். நாயின் பெல்ட்டை மேட்டில் இருக்கும் கொக்கியில் மாட்டவே மாட்டாதீர்கள். பல கார்களில் டிக்கித் தரையிலேயே சாமான் கட்டுவதற்கு இரும்பு வளையம் இருக்கும், அதில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் இல்லாமல் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில்.

இந்த மாதிரி டைமண்ட் தையல் மேட்டை ஏற்கெனவே டிக்கியில் போட்டு நாயை ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே அதைத் தூக்கிப் பாருங்கள். பலகையையும் எடுத்துவிட்டு ஸ்டெப்னிக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். எங்களுக்கு அங்கே ஈரம் தேங்கியிருந்தது, ஜாக்கின் திருகு முழுக்கத் துரு, சுற்றவே வரவில்லை. வழியில் டயர் பஞ்சராகியிருந்தால் எங்கள் கதி என்ன?