மொத்தக் கொள்முதலா, சிறு தொகுதிகளா?

புதுச்சேரி நேரு வீதியில் துணிக்கடை நடத்துவோர் தீபாவளிச் சரக்கை இரு வழிகளில் வாங்கலாம். ஆடியிலேயே மொத்தமாக எடுத்தால் விலை குறையும். ஆனால் வடகிழக்குப் பருவமழை விற்பனையைக் கெடுத்தால் போட்ட முதல் கிடங்கில் முடங்கும். மாறாக, ஒவ்வொரு உருப்படிக்கும் பார்கோடு ஒட்டி, எந்த நிறம், எந்த அளவு விற்கிறது என்பதை அன்றன்றே கணினியில் பார்த்து, திருப்பூர்ப் பின்னலாடைகளைச் சிறு தொகுதிகளாகத் திரும்பத் திரும்ப வரவழைக்கலாம். ஸ்பெயினின் ஸாரா ஆடை நிறுவனம் வாரம் இருமுறை கடைகளுக்குச் சரக்கனுப்பி வளர்ந்தது இந்த அடிப்படையில்தான். இதில் கொள்முதல் விலை சற்றுக் கூடினாலும், தேங்கியதைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் நட்டம் குறைவதால், சிறு கடைகளுக்கு இதையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். கைத்தறிப் பட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. நெய்வதற்கு நாள் பிடிப்பதால், அதை முன்கூட்டியே சொல்லிவைக்கத்தான் வேண்டும்.