கார்பன் குழாயும் அளக்க முடியாத ஓர் எண்ணும்: ஆறு ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் கல்லூரித் தம்பி ஒருவர் அழைத்தார். "அண்ணா, எங்கள் பந்தயக் காரின் மூக்குக்குப் பின்னால் சதுரக் கார்பன் குழாய் வைக்கிறோம். மோதும்போது அது நொறுங்குவதைக் கணினியிலேயே பார்த்துவிட்டால் சோதனைச் செலவு மிச்சம்தானே? நீங்கள் பயன்படுத்தும் மாடலை நம்பலாமா?" ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொருளைப் பற்றி ஐயமே இல்லை. 1981இல் இத்தாலியின் மோன்சா ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டுநர் ஜான் வாட்சனின் மெக்லாரன் கார் சிதறியபோது, அவர் காயமின்றி இறங்கி வந்தது கார்பன் கூட்டினால்தான். என் கோபம் மாடலின் மீது.

நான் பயன்படுத்துவது, அடுக்குப் பொருள் எப்போது முறியும் என்று சொல்லும் சாங்–சாங் விதியில் இயங்கும் ஷெல் மாடல்; அதாவது, சுவரைத் தடிமனற்ற மெல்லிய பரப்பாக வைத்து, சிறு கட்டங்களாக (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரி. அதன் வேகத்துக்கு நான் அடிமை. குழாய்ச் சுவரை ஒரே ஷெல்லாக வைத்து மதியம் கணக்கை ஓடவிட்டால், வீட்டுக்குக் கிளம்புமுன் விடை வந்துவிடும். அது கேட்கும் வலிமைகள் பெரும்பாலும் சிறு தகட்டுத் துண்டுகளை இழுத்தும் அமுக்கியும் நானே அளக்கக்கூடியவை. ஒன்றைத் தவிர.

எஃகுக் குழாய் மடிந்து மடிந்து மோதலின் ஆற்றலை வாங்கும். கார்பன் குழாய் மடிவதில்லை. நுனியில் தூளாகிறது, அடுக்குகள் பிரிந்து உள்ளும் புறமும் இலைபோல விரிகின்றன, அவை தளத்தில் உரசுகின்றன. நொறுங்கும் முனைக்குச் சற்றுக் கீழே இருக்கும் பகுதியிலும் ஏற்கெனவே விரிசல் ஓடியிருக்கும். ஒற்றை ஷெல்லுக்கு இவை எதுவும் தெரியாது. ஓர் எலிமென்ட் முறிந்ததும் அதை அழித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறது. தெரியாத அத்தனைக்கும் ஈடாக, அழிந்த வரிசையை ஒட்டிய எலிமென்ட்டுகளின் வலிமையைக் குறைக்க 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண் கேட்கிறது.

அந்த எண்ணை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. உண்மைக் குழாயை நொறுக்கி, கிடைத்த விசைக் கோட்டின் மேல் கணினிக் கோடு படியும்வரை எண்ணைத் திருகவேண்டும். சோதனை முடிந்த பிறகுதான் மாடல் சரியாகிறது என்றால் நாம் எதை முன்கூட்டிச் சொல்கிறோம்?

வட்டக் குழாய்க்குப் பொருத்திய எண்ணை நான் ஒருமுறை சதுரக் குழாய்க்கு அப்படியே போட்டேன். பொருளும் அடுக்கு வரிசையும் ஒன்றேதான். ஆனால் சதுரத்தில் மூலைகள் மட்டுமே தாக்குப்பிடிக்கும். தட்டையான சுவர்கள் மூலையில் கிழிந்து எளிதாக வெளியே உரிந்துவிடும். கணினி அதை உணரவில்லை, விசையைக் கூட்டியே காட்டியது. சோதனை நாளில் குழாய் முழு நீளமும் நொறுங்கித் தீர்ந்தது, வண்டி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது.

மாடலுக்காகவும் பேசவேண்டும். 1987இல் அந்த விதி துளையிட்ட தகடுகளுக்காகப் பிறந்தது. நொறுங்கும் குழாயை அதன் தலையில் கட்டியவர்கள் நாம். மென்பொருளின் கையேடும் எதையும் மறைக்கவில்லை. வரிசைக்கு வரிசை விசை ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். வடிகட்டினால் அழகாகத் தெரியும் கோட்டில் சராசரியை மட்டும் நம்பலாம், உச்சத்தை நம்பக்கூடாது.

ஒற்றை ஷெல்லுக்குப் பதில் அடுக்கடுக்கான ஷெல்களை வைத்து, அவற்றுக்கு நடுவே பிரியக்கூடிய பசைபோன்ற ஒட்டுப்பரப்பு வைத்தும் பார்த்தேன். இலைகள் விரிவதை முதன்முதலாகத் திரையில் கண்டபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஆனால் ஒரு கணக்குக்கு மூன்று நாள் பிடித்தது. அங்கும் அமுக்கத்தில் இழை முறியும் ஆற்றலை நம்பகமாக அளப்பது கடினம். கடைசியில் அதையும் திருகினேன்.

தம்பிக்கு நேற்றுப் பதில் சொன்னேன்: மாடல் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் உங்கள் சதுரக் குழாயையே ஐந்து செய்து நொறுக்குங்கள். நுனியைச் சரிவாகச் சீவ மறக்காதீர்கள். சீவாத குழாய் நுனியில் நொறுங்காமல் நடுவில் ஒடிந்துவிடக்கூடும்.

அந்த மாடலை ஓட்டும் மென்பொருளுக்கான என் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தை அனுப்பிவிட்டேன். ஏற்கெனவே நொறுக்கிப் பார்த்த குழாயின் பன்னிரண்டு சுவர்த் தடிமன்களை ஒரே வாரத்தில் ஒப்பிடவேண்டும். அதற்கு என்னிடம் வேறு வழி இல்லை.