ரஸ்ஸலா, சேம்பர்லினா? எண்ணப்பட்ட புள்ளிகளும் எண்ணப்படாத பிளாக்குகளும்

1962 மார்ச் 2. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் வில்ட் சேம்பர்லின் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 100 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்துக்கு வீடியோ கிடையாது, வானொலி வர்ணனையில் கடைசிக் கால்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனாலும் 63 ஷாட்டில் 36 கூடை, 32 ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறி) 28 என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஸ்கோர் எழுதுபவர் எழுதி வைத்திருக்கிறார். அதே காலத்தில் பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்று கேளுங்கள், யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) கணக்கை எழுத ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் விளையாடி முடித்தது 1969-இல்.

எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்று பேச்சு வரும்போதெல்லாம் தடுப்பாட்டக்காரர்கள் பின்னுக்குப் போவதற்கு இதைத்தான் முதல் காரணமாக நினைக்கிறேன். புள்ளி எடுத்தால் எழுதுவார்கள். ரஸ்ஸல் உள்ளே நிற்கிறார் என்று பயந்து எதிராளி எறியாமலே விட்ட ஷாட்டை எந்தத் தாளில் எழுதுவது?

சரி, முதலில் வில்ட் பக்கம். அதைக் குறைத்துச் சொன்னால் நியாயமில்லை. 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, சராசரி ஆடிய நேரம் 48.5 நிமிடம். ஒரு ஆட்டமே 48 நிமிடம்தான், ஓவர்டைமையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு வரும், அதாவது மனிதர் கிட்டத்தட்ட வெளியே வந்து உட்காரவே இல்லை. வாழ்நாள் மொத்தம் 31,419 புள்ளி, 23,924 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ரஸ்ஸல் இவரைக் கட்டிப்போட்டார் என்று சிலர் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருவரும் 140-க்கும் மேற்பட்ட முறை மோதியிருக்கிறார்கள், அதில் வில்டின் சராசரி 28 புள்ளி, 28 ரீபவுண்டுக்குக் குறையவில்லை. ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்ட் என்ற சாதனையை 1960 நவம்பரில் அவர் படைத்ததே ரஸ்ஸலுக்கு எதிராகத்தான். ஆனால் அன்றைக்கு ஜெயித்தது செல்டிக்ஸ், 132-129.

ரஸ்ஸலின் எண்களைப் பக்கத்தில் வைத்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆட்டத்துக்கு 15.1 புள்ளி. ஃப்ரீ த்ரோ சுமார்தான் (வில்ட் அதிலும் மோசம், அது வேறு விஷயம்). ரீபவுண்ட் 22.5, அதில் மட்டும் இருவரும் சமம் என்று சொல்லலாம். அப்புறம் 13 சீசனில் 11 சாம்பியன்ஷிப், வில்டுக்கு 14 சீசனில் 2.

இந்த 11 எப்படி வந்தது? ரஸ்ஸல் பிளாக் செய்யும்போது பந்தை ரசிகர்கள் பக்கம் அறைந்து தள்ள மாட்டார். இடது கையால் மெதுவாகத் தட்டிக் கோர்ட்டுக்குள்ளேயே வைத்து, தன் ஆள் கைக்குப் போகும்படி செய்வார். எதிரணியின் ஷாட் அப்படியே செல்டிக்ஸின் ஃபாஸ்ட் பிரேக்காக, அதாவது மின்னல் வேக எதிர்த்தாக்குதலாக, மாறிவிடும், சக ஆட்டக்காரர் பாப் கூஸி பந்தோடு அந்தப் பக்கம் பறந்துகொண்டிருப்பார். இன்னொன்றும் உண்டு. பின்னால் ரஸ்ஸல் இருக்கிறார் என்ற தைரியத்தில் கூடைக்குத் தள்ளி வெளியே நிற்கும் கார்டு ஆட்டக்காரர்கள் பந்தைத் தட்டிப் பறிக்கத் துணிந்து பாயலாம், ஏமாந்தாலும் அவர் பார்த்துக்கொள்வார். ஒரு ஆள் ஐந்து பேரின் தடுப்பாட்டத்தையும் உயர்த்துவது என்றால் இதுதான்.

நல்ல அணி, நல்ல கோச், அதனால் ஜெயித்தார் என்பார்கள். கூஸி, சாம் ஜோன்ஸ், ஹாவ்லிசெக் போன்ற ஆட்டக்காரர்கள், கோச் ரெட் அவர்பாக் எல்லாரும் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் ரஸ்ஸல் வருவதற்கு முன் அந்த அணி ஒரு பட்டம்கூட ஜெயித்ததில்லை. அவருடைய கடைசி சீசனில், அவரே கோச்சாகவும் இருந்தபோது, செல்டிக்ஸ் 48 வெற்றி, 34 தோல்வி, கூடவே சாம்பியன்ஷிப். அவர் போன அடுத்த சீசனில் 34 வெற்றி, 48 தோல்வி, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை. சாம் ஜோன்ஸும் அப்போதே ஓய்வு பெற்றார் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இறக்கம் சின்னதல்ல.

என்னை முழுசாக ரஸ்ஸல் பக்கம் தள்ளியது வில்டின் கதையேதான். 50.4 சராசரி எடுத்த வருடம் அவர் அணி பிளேஆஃப் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் செல்டிக்ஸிடம் 109-107 என்று தோற்றது. 1966-67-இல் ஃபிலடெல்ஃபியாவில் கோச் அலெக்ஸ் ஹானம் கேட்டுக்கொண்டபடி ஷாட்டைக் குறைத்துப் பாஸை அதிகமாக்கினார், சராசரி 24.1-க்கு இறங்கியது, அணி 68-13 என்று ஓடி, வழியில் செல்டிக்ஸையும் 4-1 என வீழ்த்திப் பட்டம் வென்றது. 1971-72 லேக்கர்ஸில் இன்னும் குறைவு, வெறும் 14.8. அந்த வயதில் தடுப்பும் ரீபவுண்டும்தான் அவர் வேலை. அந்த அணி தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்துக் கோப்பையையும் எடுத்தது, வில்ட் சிறந்த தடுப்பாட்ட ஐவரில் ஒருவராகத் தேர்வானார். ஆக அவருடைய இரண்டு பட்டங்களும் அவர் ரஸ்ஸலை நெருங்கி ஆடிய வருடங்களில் வந்தவை.

பின்னால் வந்தவர்களில் இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருந்தவர்கள் உண்டு. மைக்கேல் ஜோர்டன் 1987-88-இல் 35 புள்ளி சராசரியோடு சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கினார். 1994-இல் ஹக்கீம் ஒலாஜுவான் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), தடுப்பாட்ட விருது, இறுதித் தொடருக்கான ஃபைனல்ஸ் எம்.வி.பி. மூன்றையும் ஒரே சீசனில் அள்ளினார். அவருடைய 3,830 பிளாக் இன்றும் முதலிடம். ரஸ்ஸலோடு ஒப்பிடும்போது நான் கொஞ்சம் தடுமாறுவது ஹக்கீமிடம் மட்டும்தான்.

வில்டா ரஸ்ஸலா என்றால் தடுமாற்றமே இல்லை. 1962-இல் வில்ட் 50 சராசரி எடுத்த அதே சீசனில் எம்.வி.பி. விருது ரஸ்ஸலுக்குப் போனது. அந்தக் காலத்தில் அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள், இரண்டு பேருக்கும் எதிரே நின்று ஆடியவர்கள்.