கோப்பு புதியது, சேவை பழையது: ஆன்சிபிளுடன் 7 ஆண்டுகள்

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைத்துப் பராமரிக்க உதவும் கருவியான ஆன்சிபிளை 12 சர்வர்களில் பயன்படுத்தத் தொடங்கினேன். 7 ஆண்டுகளில் எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. இத்தனை காலத்தில் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை: புதிய பிளேபுக் (செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல்) எதுவானாலும் அடுத்தடுத்து இருமுறை ஓட்டுவேன். முதல் ஓட்டத்தில் வேலை நடக்கும். இரண்டாவது ஓட்டத்தின் முடிவில் ‘சேஞ்ச்டு’ (மாறியவை) என்ற இடத்தில் பூஜ்யம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், பிளேபுக்குகளுக்கான யாமல் வடிவில், கட்டளைகளை நிலை பாராமல் ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டையே எழுதியிருக்கிறேன் என்று பொருள். திரும்ப உட்கார்ந்து திருத்துவேன்.

மைக்கேல் டிஹான் 2012இல் இதை வெளியிட்டபோது இதே வேலைக்கான பப்பெட், செஃப் இரண்டும் ஏற்கெனவே நன்கு வேரூன்றியிருந்தன. அவற்றின் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற துணை நிரலை நிறுவிப் பராமரிக்க வேண்டும். ஆன்சிபிளுக்கு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பும் மறுமுனையில் பைத்தான் மொழியும் போதும். நான் இதைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. இன்றும் அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

தொடக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பழைய ஸ்கிரிப்ட் வரிகளை அப்படியே ‘ஷெல்’ மாட்யூலுக்குள் (மாட்யூல் என்பது ஒரு பணியைச் செய்து தரும் சிறு நிரல்) போட்டேன். அந்த மாட்யூலுக்கு நாம் கொடுக்கும் கட்டளையின் உட்பொருள் தெரியாது. ஓடி முடித்தால் ‘மாற்றிவிட்டேன்’ என்றுதான் சொல்லும். ‘கிரியேட்ஸ்’, ‘சேஞ்ச்டு வென்’ போன்ற நிபந்தனைகளைக் கொண்டு அதற்குப் புரியவைக்கலாம். ஆனால் ‘ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறதா?’ என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கைவைக்கும் மாட்யூல் கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும் என்பது போகப் போகத்தான் விளங்கியது.

அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பது இன்னும் பெரிய விஷயம். அதை ஒரு சான்றிதழ் எனக்கு உணர்த்தியது. இணையதளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் புதிய டிஎல்எஸ் சான்றிதழை சர்வர்களுக்கு நகலெடுத்து, மாற்றம் இருந்தால் வெப் சர்வரை ரீலோட் செய்யும்படி ஹேண்ட்லருக்கு (மாற்றம் நேர்ந்தால் மட்டும் ஓடும் பணி) சொல்லும் பிளேபுக் ஒன்றை எழுதியிருந்தேன். ஒரு நாள் நகலெடுக்கும் பணி முடிந்தது. அதற்கு அடுத்த பணி, நான் செய்த எழுத்துப் பிழையால், சில சர்வர்களில் தோற்றது. ஹேண்ட்லர்கள் வழக்கமாகப் பிளேயின் (பிளேபுக்கின் ஒரு பகுதி) பணிகள் எல்லாம் முடிந்த பிறகே ஓடும். இடையில் தோற்றுப்போன சர்வரில் அவை ஓடுவதில்லை. பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். கோப்பு ஏற்கெனவே புதியதாக இருந்ததால் ‘மாற்றமில்லை’ என்றது. ஹேண்ட்லருக்கு அழைப்பே போகவில்லை. திரை முழுக்கப் பச்சை. வெப் சர்வரோ பழைய சான்றிதழை நினைவகத்தில் வைத்துக்கொண்டு 3 வாரங்கள் ஓடியது. அது காலாவதியான அதிகாலையில் எல்லோருடைய பிரௌசர்களும் எச்சரிக்கை காட்டின.

தோல்வி நேர்ந்தாலும் ஹேண்ட்லர்களை ஓடவைக்கும் ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’ அமைப்பு இருக்கிறது. நடுவிலேயே அவற்றை ஓட்டிவிட வழியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. நான் கோப்பைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது ஓடிக்கொண்டிருந்த சேவையை. அதனால்தான் முதன்முறையாகச் சொந்த மாட்யூல் ஒன்றை எழுத உட்கார்ந்தேன்.

மாட்யூல் எழுதுவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. பிளேபுக்கின் பக்கத்தில் ‘லைப்ரரி’ என்ற கோப்புறையில் ஒரு பைத்தான் கோப்பை வைத்தால் ஆன்சிபிள் அதைக் கண்டுகொள்ளும். உள்ளீடுகளை அறிவித்து, வேலையைச் செய்து, கடைசியில் மாற்றம் நடந்ததா இல்லையா என்பதை ஜேசன் என்ற தரவு வடிவில் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். என் மாட்யூல் சேவையின் போர்ட்டில் இணைந்து, அது காட்டும் சான்றிதழின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியை) எடுத்து, கோப்பில் உள்ளதோடு ஒப்பிடும். இரண்டும் வேறானால் ரீலோட் செய்யும். பைத்தானோடு வரும் நூலகங்களே இதற்குப் போதும். மறுமுனையில் வேறெதுவும் நிறுவியிருக்க வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

முதல் வடிவம் ஒவ்வொரு ஓட்டத்திலும் ‘சேஞ்ச்டு’ என்றது. கோப்பில், தளத்தின் சான்றிதழை வழங்கியவரை உறுதிசெய்யும் இடைநிலைச் சான்றிதழ்களும் சேர்ந்திருந்தன. நான் கோப்பு முழுவதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஓட்டம் இல்லாவிட்டால் இது என் கண்ணில் பட்டிருக்காது. ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்கும்போது தளத்தின் பெயரைச் சொல்லி இணையாவிட்டால் வேறு தளத்தின் சான்றிதழ் வந்து நிற்கும். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. ‘செக்’ முறையில் ஓட்டினால் ஆன்சிபிள் எதையும் மாற்றாமல், எவை மாறும் என்று மட்டும் சொல்லும். ஆனால் அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டியது மாட்யூலை எழுதியவர். செக் முறைக்கு ஆதரவு உண்டு என்று அறிவிக்காத மாட்யூலை அது தாண்டிப் போய்விடும். அறிவித்துவிட்டு, உள்ளே அதைச் சோதிக்காமல் விட்டால் மாட்யூல் உண்மையாகவே காரியத்தில் இறங்கிவிடும். நான் அறிவித்தேன், சோதிக்கவில்லை. ஒத்திகை என்று நினைத்து ஓட்டியது சோதனைச் சூழலில் எல்லாச் சேவைகளையும் ரீலோட் செய்தது. அது நேரடிச் சூழலாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நீட்டித்து எழுத விரும்புவோர் எது எங்கே ஓடுகிறது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாட்யூல் மறுமுனைச் சர்வருக்கு அனுப்பப்பட்டு அங்கே ஓடுகிறது. மதிப்புகளை உருமாற்றும் ஃபில்டரும், வெளியிலிருந்து தரவை எடுத்துவரும் லுக்கப்பும் நாம் கட்டளை கொடுக்கும் கணினியிலேயே ஓடுகின்றன. லுக்கப் மூலம் சர்வரில் உள்ள கோப்பைப் படிக்கப் பார்த்து, என் கணினியில் அதே பெயரில் இருந்த கோப்பின் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு நான் குழம்பியதுண்டு.

வேகம் குறித்துக் குறை சொல்வோர் பலர். இயல்புநிலையில் ஒரே நேரத்தில் 5 சர்வர்களோடுதான் பேசும். நான் அதை 30 ஆக்கி, எஸ்எஸ்ஹெச் செயல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் பைப்லைனிங்கையும் இயக்கினேன். எங்கள் தேவைக்கு அது போதும். மாறிகளுக்கு ஆவணத்தில் 22 முன்னுரிமைப் படிகள் உண்டு. அத்தனையையும் மனப்பாடம் செய்யாமல், ரோலின் (மீண்டும் பயன்படுத்தத்தக்க பணித் தொகுப்பு) இயல்பு மதிப்புகள், குழுவின் மாறிகள் என்ற இரண்டு இடங்களுக்குள் நின்றுகொள்வது நல்லது.

எனக்கு இன்னும் உறுத்தும் குறை வேறு. ஆன்சிபிள் தான் செய்ததை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பிளேபுக்கிலிருந்து ஒரு பயனர் கணக்கை நீக்கினால் அது சர்வர்களிலிருந்து நீங்காது; யாரும் கவனிக்காமல் அங்கேயே கிடக்கும். ‘ஆப்சென்ட்’ (இருக்கக் கூடாது) என்று எழுதி, எல்லாச் சர்வர்களிலும் ஓட்டி முடித்த பிறகே அந்த வரியை எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் இதை எழுதப்பட்ட விதியாகவே வைத்திருக்கிறோம்.

பதிப்பு மாற்றமும் கவனம் கேட்கிறது. ஆன்சிபிளின் மையப் பகுதியான ஆன்சிபிள் கோர் 2.17 மறுமுனையில் பைத்தான் 3.6க்கான ஆதரவைக் கைவிட்டது. அந்தப் பைத்தான் பதிப்பையே சார்ந்த பழைய சர்வர்கள் எங்களிடம் இன்னும் இருப்பதால், அவற்றுக்காக முந்தைய கோர் பதிப்பைத் தனி மெய்நிகர் சூழலில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சான்றிதழ் மாட்யூல் இப்போது தினமும் காலையில் செக் முறையில் ஓடுகிறது, இம்முறை உள்ளே சரியாகச் சோதித்த பிறகு. சென்ற மாதம் ஒரே ஒரு சர்வரில் ‘சேஞ்ச்டு’ என்றது. யாரோ அவசரத்தில் சான்றிதழைக் கையால் நகலெடுத்து, ரீலோட் செய்ய மறந்திருந்தார்கள். பழையது காலாவதியாக இன்னும் 11 நாட்கள் இருந்தன.